மீசைக்குத் தொண்டைக்கட்டு

கைப்பேசியில் சண்டை விளையாட்டு ஆடப்போய், பெண் பெயரைப் பார்த்ததுமே வந்து குவிந்த அசிங்கமான மெசேஜ்கள் தாங்காமல், அந்தப் பத்தாம் வகுப்புக்காரி தன் பெயரைப் ‘புலி’ என்று மாற்றிக்கொண்டாள். அதன்பிறகு நிம்மதி. ‘மீசை’ என்றொரு கூட்டாளிகூடக் கிடைத்தான்.

“மைக்கைப் போட்டுப் பேசுடா புலி” என்று மற்றவர்கள் நச்சரித்தால், “தொண்டை கட்டியிருக்கு மச்சி” என்று எழுதிச் சமாளிப்பாள். மீசை மட்டும் கேட்டதே இல்லை. அவனுக்கும் எப்போதும் தொண்டை கட்டித்தான் இருந்தது.

நேற்றுச் சாயங்காலம் பாதி ஆட்டத்தில் எழுதினாள்: “கிளம்புறேன் மச்சி. நாளைக்கு முக்கோணத்துல டெஸ்ட். எங்க கணக்கு டீச்சர் ஒரு ராட்சசி. பேனா கீழ விழுந்தாக்கூட மார்க்க வெட்டிடுவா.”

ஆட்டத்தில் மீசை நின்ற இடத்திலேயே நின்று குண்டடிபட்டு விழுந்தான். பிறகு, “போய்ப் படிடா” என்று வந்தது.

காலையில் கணக்கு டீச்சர் வகுப்புக்குள் நுழைந்து கணீரென்று அறிவித்தார்.

“இன்னிக்கு டெஸ்ட் கிடையாது. ராட்சசிக்குத் தொண்டை கட்டியிருக்கு.”

வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. டீச்சர் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்து, சிரிக்காமல் திருதிருவென்று முழித்தவள் பக்கத்தில் நின்றார். காதோரம் குனிந்தார்.

“உனக்கும் அந்த மாதிரி மெசேஜ்தான் வந்துச்சா மச்சி?”