ஐந்தாவது கை

“இந்த விண்ணப்பதாரர் யாருக்காவது சொந்தமா?”

தலைவர் காலையிலிருந்து ஒவ்வொரு பெயருக்கும் இதையே கேட்டுக்கொண்டிருந்தார். ஓய்வுபெற்ற நீதிபதி. ஒவ்வொருவர் வாயாலும் பதில் வந்தாக வேண்டும் அவருக்கு.

“இல்லை,” என்றார் பேராசிரியர்.

“இல்லை,” என்றார் நிதித்துறை அதிகாரி, கைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“இல்லை,” என்றார் பாடகி, கொட்டாவியை மென்றுகொண்டே.

அடுத்தது ஓவியரின் முறை. அவள் முன்னாலிருந்த தாளைப் பார்த்தாள்.

மேசைமேல் இருந்தது ஒரு நாடகக்காரரின் விண்ணப்பம். பழைய லாரி ஒன்றில் மேடையையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு, நாடகமே பார்த்திராத குடியிருப்புகளுக்குப் போகிறவர். இந்த வருடம் அரசின் கலை நிதி கிடைக்காவிட்டால் குழுவைக் கலைத்துவிட வேண்டியதுதான் என்று சொல்லியிருந்தார்.

அவளுக்குக் கணக்குத் தெரியும். பேராசிரியரும் பாடகியும் கை தூக்குவார்கள். தலைவரும் அதிகாரியும் தூக்க மாட்டார்கள். சமமாக வந்தால் நிராகரிப்பு. ஐந்தாவது கை அவளுடையது.

‘இல்லை’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். யாருக்கும் சந்தேகம் வராது.

இத்தனை வருடம் அவள் வாயை மூடிக்கொண்டிருந்ததில் அந்த நாடகக்காரனுக்கு ஒரு நன்மையும் இல்லை. இன்றைக்குத்தான், மூடிக்கொண்டிருந்தால் அவனுக்கு நல்லது.

ஆனால் அவன் பெயரைக் கேட்டுவிட்டு, இல்லை என்று சொல்ல நாக்கு எழவில்லை.

“சொந்தம்தான்,” என்றாள்.

தலைவரின் பேனா நின்றது. “எந்த வழியில?”

“அப்பா வழியில.”

அவள் அப்பாவோடு பல வருடம் சீட்டாடியவர் தலைவர். கண்ணாடியைக் கழற்றினார். “உங்கப்பாவுக்கு நீ ஒரே பொண்ணாச்சேம்மா.”

“பொண்ணு நான் ஒருத்திதான் சார்.”

அதிகாரி இப்போதுதான் கைபேசியைக் கவிழ்த்து வைத்தார்.

அவள் எழுந்து வெளியே வந்தாள்.

நடைவழிப் பெஞ்சில் அவன் உட்கார்ந்திருந்தான். நரை விழுந்த தாடி, அப்பாவின் அதே அகன்ற நெற்றி. அப்பா இறந்த அன்று மழையில் தெருமுனையோடு நின்றுவிட்டுத் திரும்பிப் போனான். அம்மா சாத்தச் சொன்னாள் என்று மாடி ஜன்னலைச் சாத்தியது அவள்தான்.

அவளைக் கண்டதும் மரியாதையாக எழுந்தான். “கூப்பிடுறாங்களா மேடம்?”

“இல்ல. ஓட்டு எடுக்கறாங்க. சொந்தக்காரங்க வெளிய இருக்கணும்.”

அவனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. சாத்தியிருந்த கதவைப் பார்த்தான். பிறகு அவளை.

“சொல்லிட்டீங்களா?”

தலையாட்டினாள்.

கதவு திறந்தது. அலுவலக உதவியாளர் அவனிடம் குனிந்து, “ரெண்டுக்கு ரெண்டு. ஆகல சார்,” என்றார் தணிந்த குரலில். அவள் பக்கம் திரும்பி, “மேடம், நீங்க இப்ப உள்ள வரலாம்.”

அவள் போகவில்லை.

கீழே வாசலில் லாரி நின்றுகொண்டிருந்தது. அதன்மேல் உட்கார்ந்திருந்த பெண் ஒருத்தி, அவனை ஜன்னலில் கண்டதும் கட்டைவிரலை உயர்த்தி ‘என்ன ஆச்சு?’ என்பதுபோல் ஆட்டினாள். அவன் உள்ளங்கையை விரித்துக் காட்டினான். அவள் மெல்ல விரலை இறக்கிக்கொண்டாள்.

“நான் உள்ளயே இருந்திருந்தா கெடைச்சிருக்கும்,” என்றாள் அவனிடம்.

“ம்.”

அந்த ஒற்றை எழுத்தில் கோபம் இருந்ததா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. இருந்தால் தேவலை என்று பட்டது.

“உன் நாடகம் ஒண்ணு விடாம பாத்திருக்கேன். உனக்குத் தெரியாது. டிக்கெட் வாங்கிட்டு, கடைசி வரிசையில, ஓரமா…”

அவன் பெஞ்சிலிருந்த தன் பையை எடுத்துத் தரையில் வைத்தான், அவள் உட்காரட்டும் என்று.

“தெரியும்க்கா,” என்றான். “உங்கள யாரும் பாத்துடக் கூடாதுன்னு கடைசி வரிசை லைட்டை அணைக்கச் சொல்றதே நான்தான்.”