அரை மாத்திரை

பெத்தவளா இவ? எனக்குத் தாங்கவே இல்ல.

எங்க வளவுல ஆறு குடித்தனம், எல்லாருக்கும் ஒரே வாசல். எதுத்த வீட்டுச் சின்னத்தாய், தன் மக ஜெயக்கொடிக்குத் தினமும் காலையில அரை மாத்திரையை வாழைப்பழத்துக்குள்ள வச்சு ஊட்டிவிடுறா. ஏழு வயசுப் புள்ள. காய்ச்சலா, இருமலா? ஒண்ணும் கிடையாது. ஒரு இடத்துல உக்காராம ஓடியாடுதாம். அதுக்கு மாத்திரையாம்.

ஓடத்தான் ஓடும், இல்லேங்கல. காயப்போட்ட வத்தலை மிதிக்கும், தண்ணித் தொட்டி மேல ஏறிக் குதிக்கும். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லி முடிக்கிறதுக்குள்ள அடுத்த வீட்டுக்குள்ள நிக்கும். அதுக்காக?

முழுப்பரிச்சை லீவு விட்டும், பத்து நாளா வளவு கப்சிப்னு கெடக்கு. மில்லுல ராத்திரி ஷிப்ட் பாத்துட்டு வார என் வீட்டுக்காரர் கூட பகல்ல அசந்து தூங்குறாரு. புள்ளையோ சிலேட்டை மடியில வச்சுக்கிட்டு, கண்ணு சொருக வாசப்படியில உக்காந்திருக்கு. முந்தாநாள் ஒரு முறுக்கு குடுத்தேன். கையில வாங்கி வச்சுக்கிட்டே இருந்துச்சு, கடிக்கல.

இன்னைக்குக் கேட்டுப்புடணும்னு போனேன். சின்னத்தாய் ஏனம் வெளக்கிக்கிட்டு இருந்தா. புருசன் போய்ச் சேந்து மூணு வருசம், பூக்கட்டி வித்துத்தான் பொழைப்பு. பாவம்னு பாக்காம நல்லாக் கேட்டேன். தூங்க வைக்கவா புள்ள பெத்தே, நாளைக்குப் புத்தி மழுங்கிப்போனா அந்த டாக்டரா வந்து கஞ்சி ஊத்துவாருன்னு அம்புட்டையும் கேட்டேன்.

அவ கோவப்படல. இது சேட்டை இல்ல, ஒரு வகை நோவுன்னு டாக்டர் சொன்னாராம். வளர வளரக் குறையலாம், பொறுத்துப் பாக்க முடிஞ்சா பாரு, முடியாட்டி மாத்திரை தாரேன்னாராம்.

"பொறுத்துப் பாக்க வேண்டியதுதானடி?"

"நான் பொறுப்பேன்க்கா. பொறுக்க எனக்கு ஒரு வீடு வேணுமில்ல?"

கையைத் தொடைச்சுக்கிட்டுச் சொன்னா. போன மாசம் வளவுக்குச் சொந்தக்காரி மலையம்மாள் இவளைக் கூப்பிட்டு, புள்ளையை அடக்கு, இல்லாட்டி காலி பண்ணுன்னுருச்சாம். யாரோ போய்க் குறை சொல்லியிருக்காக. திருப்பரங்குன்றம் பூராவும் வீடு தேடி அலைஞ்சிருக்கா. கூடப்போன ஜெயக்கொடி உள்ள புகுந்து ஓடுறதைப் பாத்துட்டு, ஒருத்தரும் வீடு தரல.

"முழு மாத்திரை குடுக்கச் சொன்னாரு. மனசு வராம அரைதான் குடுக்கேன். அதுலயே என் புள்ள சிரிப்பு போயிருச்சுக்கா."

சின்னத்தாய் என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதா.

"இந்த வளவுல எம்புள்ளைக்காகச் சண்டைக்கு வந்தது நீங்க ஒருத்திதான்க்கா."

வாசப்படியில இருந்து ஜெயக்கொடி மெல்லத் திரும்பி, உதட்டு மேல விரலை வச்சுச்சு.

"பெரியம்மா, மெதுவாப் பேசுங்க. பெரியப்பா தூங்குறாக."

ஒண்ணு அந்தப் புள்ள இங்க இருக்கணும், இல்ல நாங்க இருக்கணும்னு போன மாசம் மலையம்மாள்கிட்டப் போயி நின்னவ நான்தான்.