சபாவுக்குப் போகும் ரைஸ் குக்கர்

மழைக்காட்டையும் தீவுகளையும் வெல்லப் புறப்படும் மாவீரர்களை வரலாறு மறப்பதே இல்லை. ஜார்ஜ் டவுன் அடுக்குமாடி வீட்டில், பிச்சைமுத்து கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு கடல் தாண்டி இருக்கும் சபா மாநிலத்தின் வரைபடத்தின் மேல் தவழ்கிறார். ஜன்னல் வெயில் காகிதத் தீவுகளில் விழுகிறது. சுவரில் மனைவி துளசியின் படத்துக்குப் போட்ட மாலை இன்னும் வாடவில்லை. "கல்யாணமான நாள்லேருந்து சபாவுக்குப் போகலாம்னு கேட்டா. அடுத்த வருஷம், அடுத்த வருஷம்னு ஓட்டிட்டேன் லா" என்கிறார். "அதுக்கு இப்பத் தனியாவாப்பா போவீங்க?" என்கிறாள் மகள் தனுஜா. "காடு, கடலு, எல்லாம் நான் சமாளிப்பேன்மா." எந்த ஊர் ஓட்டலுக்கும் துளசி துண்டில் சுற்றித் தூக்கிவரும் ரைஸ் குக்கரை அவரே பையில் வைக்கிறார். மறுபடி வெளியே எடுக்கிறார். மூடியைத் திறந்து, உள்ளிருக்கும் அளவுக் கோடுகளை விரலால் மெல்லத் தடவுகிறார். அவருக்குச் சோறு வைக்கத் தெரியாது.