நாற்பது பவுண்டு சட்டி

"அறுபது பவுண்டு கூட இருக்குய்யா" என்றாள் கோரா, ஜல்லி யார்டின் எடைமேடை ஜன்னலிலிருந்து தலையை நீட்டி.

வெர்ன் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. "உன் மேடை பொய் சொல்லுது."

"அதுக்குப் பொய் சொல்லத் தெரியாது. அதான் இருபது வருஷமா ஒரு பயலும் இங்கேருந்து சந்தோஷமாத் திரும்பினதில்ல."

பிக்கப் மட்டும் மேடைமேல் நின்றது. பின்னால் கோத்திருந்த டிரெய்லரின் சக்கரங்கள் மேடைக்கு வெளியே. அதன் மூக்கு மட்டும் பிக்கப்பின் முதுகில் அழுந்திக்கொண்டிருந்தது.

கதவோரம் ஒட்டிய தாளில் கம்பெனிக்காரன் தெளிவாகப் போட்டிருக்கிறான். ஆள், சாமான், டிரெய்லர் மூக்கின் பாரம், எல்லாம் சேர்த்து ஆயிரத்து ஐநூறு பவுண்டு. அதற்குமேல் கூடாது.

வெர்ன் அப்படியொன்றும் குருட்டாம்போக்கில் ஏற்றவில்லை. குளியலறைத் தராசை வாசலுக்குத் தூக்கிவந்து, மடக்கு நாற்காலியிலிருந்து மீன்பிடிப் பெட்டிவரை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்து, ஒரு அட்டையில் பென்சிலால் எழுதிக் கூட்டினான். ஆயிரத்து ஐநூறு. கச்சிதம்.

டிரெய்லர் விற்றவன் "உங்க பிக்கப் இதைச் சும்மா இழுத்துடும்" என்றபோது, "இழுக்கும்டா, நிக்குமா?" என்று கேட்டவன் வெர்ன்.

மரம் ஏற்றும் லாரியில் இருபத்தொன்பது வருஷம். ஆற்றுக்குப் போகும் ஒயிட் பேர்ட் மலையிறக்கம் ஏழு மைல். பாதி வழியில் பிரேக் கருகும் வாடை மூக்கில் ஏறிவிட்டால், அப்புறம் வண்டியை ஓட்டுவது பின்னாலிருக்கும் பாரம்தான். அப்படிப் போன இரண்டு பேரின் சவப்பெட்டிக்கு வெர்ன் தோள் கொடுத்திருக்கிறான்.

கணக்கு மீறினால் அந்த இறக்கத்தில் வண்டியை இறக்கமாட்டான். இறக்காவிட்டால் பயணமே இல்லை.

பக்கத்து சீட்டில் மார்லிஸ் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தாள். ஆற்றோரம் பத்து நாள். முப்பத்தொரு வருஷக் கல்யாணத்தில் அவள் வாய்விட்டுக் கேட்டது இந்த ஒன்றைத்தான்.

"உன் இரும்புச் சட்டிங்கதான்" என்றான் வெர்ன். "நாப்பது பவுண்டு."

"அதையும் தராசுல வச்சுத்தானே எழுதின? உன் டூல் பெட்டி எழுபது. அதைப் பத்தி மட்டும் பேச்சே வராதே."

மூன்று நாளாக இதே சண்டைதான். அந்தச் சட்டியில் சுடாத சோளரொட்டியை நாய்க்குப் போடு என்று அவள். ஸ்பானர் இல்லாமல் ஊர் தாண்டுகிறவன் மடையன் என்று அவன். கடைசியில் இரண்டுமே ஏறின.

பின்னால் ஜல்லி லாரிக்காரன் ஹாரனை அமுக்கினான்.

"ஒவ்வொருத்தரா இறங்குங்க" என்றாள் கோரா. "திருடன் யாருன்னு மேடையே சொல்லட்டும்."

மார்லிஸ் இறங்கினாள். நூற்று அறுபது குறைந்தது. அட்டையிலும் நூற்று அறுபதுதான்.

வெர்ன் இறங்கினான். இருநூற்று எண்பது குறைந்தது.

அட்டையில் அவனுக்கு நூற்று எண்பது என்று இருந்தது.

"இந்த எடை எங்கேருந்து கிடைச்சுது உனக்கு?" என்றாள் கோரா, அட்டையை வாங்கிப் பார்த்து.

வெர்ன் பர்ஸிலிருந்து டிரைவிங் லைசென்ஸை எடுத்து நீட்டினான். உயரத்துக்கும் கண் நிறத்துக்கும் பக்கத்தில் அச்சடித்திருந்தது, எடை 180. ஒவ்வொரு முறை புதுப்பிக்கப் போகும்போதும் "ஏதாவது மாறியிருக்கா?" என்று கேட்பார்கள். "ஒண்ணுமில்ல" என்பான். வீட்டிலிருந்த அத்தனை சாமானும் தராசில் ஏறி இறங்கின. அவன் மட்டும் ஏறவில்லை. சர்க்காரே அச்சடித்துக் கொடுத்திருக்கும்போது எதற்கு?

கோரா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "இது உன் எடை இல்லய்யா. உன் கல்யாணக் கோட்டு சைஸு."

ஹாரன் அடித்தவனும் இறங்கிவந்து, விஷயம் கேட்டு, பிக்கப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். வெர்னுக்கும் அடக்க முடியவில்லை. தொப்பை குலுங்கியது. பெல்ட்டில் மார்லிஸ் வருஷத்துக்கு ஒன்றாக ஆணியால் குத்திக்கொடுத்த ஓட்டைகள் நுனிக்கே வந்துவிட்டிருந்தன.

"டூல் பெட்டியை இறக்கிடறேன்" என்றான் கோராவிடம். "வர்றவரைக்கும் உன் மேசைக்கடியில கிடக்கட்டும்."

"ஸ்பானர் இல்லாம ஊர் தாண்டுறவன் யாரு?" என்றாள் மார்லிஸ், சீட்டில் ஏறி உட்கார்ந்தபடி.

"மடையன்தான். இரு, வந்துடறேன்."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் வைத்துவிட்டுத் திரும்பும்போதுதான் அவனுக்குக் கணக்கு உறுத்தியது.

தான் நூறு கூட. அப்படியானால் மேடை நூறல்லவா கூடக் காட்டியிருக்க வேண்டும்? காட்டியது அறுபது.

நாற்பது எங்கே போயிற்று?

சட்டிப் பெட்டி பிக்கப்பின் பின்தட்டு மூலையில், கயிறு போட்டு இறுகக் கட்டி இருந்தது. வெர்ன் கயிற்றில் ஒரு விரலை நுழைத்துத் தூக்கினான்.

விரலோடு வந்தது.

முடிச்சை அவிழ்த்து மூடியை விலக்கினான். உள்ளே இரண்டு தலையணைகள்.

மூடியை மூடினான். மார்லிஸ் போட்டிருந்த அதே முடிச்சை, அதே பக்கம் வரும்படி போட்டான்.

அவன் ஏறி உட்கார்ந்ததும் பிக்கப் ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. மார்லிஸ் ஜன்னலுக்கு வெளியே விதைத் தோலைத் துப்பினாள்.

"என் சட்டியெல்லாம் பத்திரமா இருக்கா?"

"இருக்கு" என்றான் வெர்ன், சாவியைத் திருகி. "நல்ல கனம்."