வாசுதேவனின் சொந்தக் குரல்

"பழைய பேப்பர்காரன் போயிட்டானா பாரு, வேதா. இதையும் எடைக்குப் போட்டுடலாம்."

வாசுதேவன் இரண்டு கைகளாலும் ஏந்தி வந்தது அவருடைய ஆறு வருஷ உழைப்பு. பூனாவுக்கு வந்து நிக்டியில் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தைப் பற்றிய நாவல். இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் நின்றது, ஒன்பது மாதமாக நகர மாட்டேன் என்கிறது.

வேதநாயகி அடுப்பைத் தணித்துவிட்டு வந்தாள். "போடறதுக்கு முன்னாடி ஒருதடவை நான் படிக்கட்டுமா? இதுவரைக்கும் யாருமே படிக்கலையே."

அது உண்மைதான். மகள் வைஷாலிக்குத் தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். முதல் வரியில் 'செங்கதிரோன்' என்று பார்த்ததும், "யாருப்பா இவர்?" என்று கேட்டவள், அதற்குப் பிறகு அந்தப் பக்கமே வரவில்லை.

வேதநாயகி இரண்டே நாளில் படித்து முடித்தாள்.

"சொல்லு, எப்படி இருக்கு?"

"கோவிச்சுக்க மாட்டீங்களே? உங்க சாரதா பக்கத்து வீட்டுக்குப் போய் ஒரு கிண்ணம் சர்க்கரை கேக்கறா. அதுக்கு நாலு பக்கம். போற வழியில ஆகாயம் மூணு கலர் மாறுது. கடைசியில சர்க்கரை கிடைச்சுதா இல்லையான்னே நீங்க சொல்லலை."

"அது நடை, வேதா."

"யாரோட நடை? யாரோ பெரிய எழுத்தாளரோட சட்டையை மாட்டிக்கிட்டு நிக்கற மாதிரி இருக்கு. உங்க குரலே இதுல கேக்கலைங்க."

வாசுதேவன் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். தொழிற்சாலையில் மற்றவர்கள் செய்த பாகங்களில் குறை கண்டுபிடிப்பதுதான் அவருக்கு இருபது வருஷமாக வேலை. அவர் செய்ததில் யாரும் குறை சொன்னதில்லை.

"என் குரல் எப்படி இருக்கும்னு எனக்கே மறந்துபோச்சு" என்றார். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது.

வேதநாயகிக்குப் பாவமாக இருந்தது.

"கல்யாணம் நிச்சயமாகி ஆறு மாசம் எனக்கு லெட்டர் போட்டீங்களே, அதுல இருந்துச்சு அந்தக் குரல். என்ன எழுத்து!"

"நானா? அவ்வளவு லெட்டரா போட்டேன்?"

"மறந்துட்டீங்களா? வாரா வாரம் வருமே. அதையெல்லாம் கரையான் அரிச்சுடுச்சு. நல்லவேளை, ஒரு டயரியில காப்பி பண்ணி வெச்சிருந்தேன். லாஃப்ட்ல கிடக்கும். தேடி எடுக்க ஒரு வாரம் ஆகும்."

சரியாக ஒரு வாரத்தில் டயரி கைக்கு வந்தது. வாசுதேவன் நின்றபடியே படித்தார்.

'இங்கே மழை பெய்துவிட்டுப் போவதில்லை, வந்து தங்கிவிடுகிறது. துணி காயாததால் நேற்று அறை நண்பனின் பேண்ட்டைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். பேண்ட் என்னைப் போட்டுக்கொண்டு போனது என்றும் சொல்லலாம். மராத்தியில் இரண்டு வாக்கியம் கற்றுக்கொண்டிருக்கிறேன். எதைச் சொன்னாலும் கடைக்காரர் தக்காளிதான் தருகிறார்.'

"ஆஹா! ஞாபகம் வருது வேதா! அந்தப் பேண்ட் ஜோஷியோடது. பழுப்புக் கலர். ஜன்னல் ஓரமா உக்காந்து இதை எழுதினேன்."

"பாத்தீங்களா!"

"இவ்வளவு நல்லா எழுதினவன் எங்க போனான்?"

"அதான் எனக்கும் தெரியலை."

பழைய நாவல் அந்த ஞாயிற்றுக்கிழமையே எடைக்குப் போனது. மறுநாள் காலை, கம்பெனி பஸ் வருவதற்குள், வாசுதேவன் முதல் பக்கத்தை முதல் வரியிலிருந்து ஆரம்பித்துவிட்டார். இந்தத் தடவை சாரதா ஒரே வரியில் சர்க்கரை வாங்கினாள். அடுத்த வரியில் அது உப்பு என்று தெரிந்தது. எழுதிவிட்டுத் தானே விழுந்து விழுந்து சிரித்தார்.

எங்காவது தடைப்பட்டால் டயரியில் இரண்டு பக்கம் படிப்பார். பேனா தானாக ஓடும். பாதி நாவலில் டயரி தீர்ந்தபோது தவித்துப்போனார்.

"வேற லெட்டரே இல்லையா வேதா?"

"இன்னொரு டயரி இருந்த மாதிரி ஞாபகம். ஒரு வாரம் டயம் குடுங்க."

அதுவும் கிடைத்தது. எட்டு மாதத்தில் நாவல் முடிந்தது. தொண்ணூற்றெட்டாம் வருஷம் தீபாவளிக்கு முந்தின வாரம், சென்னைப் பதிப்பாளரிடமிருந்து பதில் வந்தது. வாசுதேவன் கூடத்தின் நடுவில் நின்று உரக்கப் படித்தார்.

"'முதல் வரியிலிருந்தே ஒரு தனிக்குரல் கேட்கிறது. இப்படி உங்கள் ஒருவரால்தான் எழுத முடியும்.' கேட்டியா? என் ஒருத்தனாலதானாம்!"

"கேட்டேன்."

"புத்தகத்தை யாருக்குச் சமர்ப்பணம் பண்றதுன்னு முடிவு பண்ணிட்டேன். முதல்ல உனக்குன்னுதான் நினைச்சேன். அப்புறம் நியாயமா யோசிச்சுப் பாத்தேன். அந்த லெட்டரை எல்லாம் எழுதின ஆளுக்குத்தான் பண்ணணும். அந்த ஆள் இல்லேன்னா நாவலே இல்லை."

வேதநாயகி தலையாட்டினாள். "நியாயம்தான். எழுதின ஆளுக்குத்தான் போகணும்."

அண்ணனுக்கு ஃபோன் பண்ண எஸ்.டி.டி. பூத்துக்குப் புறப்பட்டவர் வாசலில் திரும்பினார்.

"அடுத்த நாவலும் கேக்கறாங்க. லாஃப்ட்ல இன்னும் ஏதாவது இருக்குமா?"

"பாக்கறேன். ஒரு வாரம் ஆகும்."

அவர் படியிறங்கும் சத்தம் ஓய்ந்ததும் வேதநாயகி பீரோவைத் திறந்து, புடவைகளுக்கு அடியிலிருந்த இன்லாண்ட் கடிதத்தை எடுத்தாள்.

'நலம். நலமறிய ஆவல். இங்கே நல்ல இட்லித் தட்டு கிடைக்காது. வரும்போது மறக்காமல் எடுத்து வரவும். மற்றவை நேரில். வாசுதேவன்.'

கல்யாணத்துக்கு முன் அவர் அவளுக்குப் போட்ட அந்த ஒரே கடிதத்தைச் சிரித்தபடி மடித்து வைத்துவிட்டு, ஒன்றுமே எழுதாத பழைய டயரி ஒன்றை எடுத்துக்கொண்டு எழுத உட்கார்ந்தாள்.