மூன்றாம் தரமும் அதே ட்ரைவ்

ரூபிகா அந்த வெள்ளவத்தைக் கம்ப்யூட்டர் கடையில் சேர்ந்து இரண்டு வாரம்தான். அதற்குள் ஒரே ஹார்ட் ட்ரைவோடு மூன்றாம் தரமாக வந்து நின்றார் அந்த ஆன்ரி.

"பிள்ளை, என்ர விண்டோஸில வேலை செய்யுது. மகன்ர மேக்கில படம் திறக்குது, ஆனா ஒண்டும் ஏத்த ஏலாதாம்."

"ரெண்டுக்கும் ஒத்துவாற எக்ஸ்ஃபாட்டில ரெண்டு தரம் போமட் பண்ணித் தந்தனான், ஆன்ரி!"

உள்ளேயிருந்து முதலாளி எட்டிப் பார்த்தார். "பட்டதாரி எண்டுதானே எடுத்தனான்? இதுகூடச் சரிவரேல்லையோ?"

ரூபிகாவுக்குச் சுர்ரென்று ஏறியது. ட்ரைவைச் செருகிப் பார்த்தாள். மறுபடியும் பழைய விண்டோஸ் போமட்.

"சேர், இது தன்பாட்டில மாறாது. ஆரோ வேணுமெண்டே மாத்தியிருக்கினம். ஆர் ஆன்ரி இந்த விசர் வேலை பார்த்தது?"

"நான்தான்," என்று சிரித்தார் ஆன்ரி. "இருபத்தஞ்சு வருஷம் கம்ப்யூட்டர் படிப்பிச்சனான். பொம்பிளை பார்க்க ஆரும் வந்தா நீர் கதவைச் சாத்துவீர் எண்டு உம்மட அம்மா சொன்னவ. அதுதான் கடைக்கு வந்தனான். எனக்கு உம்மைப் பிடிச்சிருக்கு."

முதலாளி தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். ரூபிகா ட்ரைவைக் கழற்றித் திருப்பி நீட்டினாள்.

"நாளைக்கு இதை மகனிட்டக் குடுத்து அனுப்புங்கோ, ஆன்ரி. என்ர முன்னால இருந்து அவரே போமட் பண்ணட்டும். நானும் மாப்பிளை பார்க்க வேணும்."