கீபோர்டைக் கலைச்சது யாரு?

“இது தானா ஆகிற கோளாறு இல்ல தம்பி. யாரோ வேணும்னே பண்றாங்க” என்றார் மேனேஜர் சக்கரபாணி, குரலைத் தாழ்த்தி.

தமிழ்மணிக்கும் அப்படித்தான் பட்டது. அந்தப் பீங்கான் ஃப்யூஸ் கட்டை கம்பெனிக்கு இந்த வாரத்தில் அவன் வருவது மூன்றாவது தடவை. மூன்று தடவையும் ஒரே புகார். லேப்டாப்பில் ‘பில்’ என்று இங்கிலீஷில் அடித்தால் டபிள்யூ, ஓ, ரெண்டு இசட் வந்து விழுகிறது.

லேப்டாப்பில் ஓடுவது விண்டோஸ் இல்லை, உபுண்டு. விருத்தாசலத்தில் அப்போது அதைத் தெரிந்துவைத்திருந்த ஆள், ஜங்ஷன் ரோட்டில் சர்வீஸ் கடை போட்டிருந்த தமிழ்மணிதான். வருவான், செட்டிங்கைத் திறப்பான். கீபோர்டு பட்டியலில் ஏதோ நீளமான பெயர் ஒன்று முதலிடத்தில் உட்கார்ந்திருக்கும். படிக்கக்கூட மாட்டான். அதை நீக்கிவிட்டுப் பழைய வரிசையை வைத்துவிட்டுப் போவான். மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ போன் வந்துவிடும்.

“உங்களுக்கு யார் மேல சந்தேகம் சார்?”

சக்கரபாணி கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் கண்ணைக் காட்டினார். அங்கே பூங்கோதை உட்கார்ந்திருந்தாள். பன்னிரண்டு வருஷமாக அந்த ஆபீஸுக்கு அவள்தான் டைப்பிஸ்ட். பக்கத்து நாற்காலியில் ஒரு சின்னப் பெண், இடது கை ஆள்காட்டி விரலை நீட்டிக்கொண்டு, காகிதத்தில் வரைந்த கீபோர்டில் எழுத்தைத் தேடிக்கொண்டிருந்தாள்.

“அது துர்கா. பிரஸ் மெஷின்ல வேலை பார்த்த பொண்ணு. ஆடி மாசம் வலது கை மாட்டிக்கிச்சு. மணிக்கட்டோட போயிடுச்சு. முதலாளி இரக்கப்பட்டு ஆபீஸ்ல உட்கார வெச்சாரு. ‘ஒரு மாசம் பார்ப்போம், பில்லு போட வந்தா இருக்கட்டும்’னு சொல்லியிருக்காரு.”

“சரி, அதுக்கும் இதுக்கும் என்ன சார்?”

“அது வந்ததுலேர்ந்துதானே இந்தக் கூத்து! பொண்ணு தொழில் கத்துக்கிச்சுன்னா தன் சீட்டு போயிடும்னு பூங்கோதைக்குப் பயம். ஒத்தக் கையால தட்டுத் தடுமாறி அடிக்குற பொண்ணுக்கு, இருக்குற எழுத்தையும் இடம் மாத்தி வெச்சா அது என்ன பண்ணும், சொல்லுங்க?”

அந்த அக்காவா? தமிழ்மணிக்குச் சுருக்கென்றது. வரும்போதெல்லாம் “டீ குடிச்சீங்களா தம்பி?” என்று கேட்கிறவள். மனுஷர்களை நம்பவே முடியாது போல.

“ஆபீஸ் ஒன்பதரைக்கு. அந்தம்மா எட்டு மணிக்கே வந்துடுதுன்னு வாட்ச்மேன் சொல்றாரு. நாளைக்கு எட்டரைக்கு வாங்க. கையும் களவுமா பிடிச்சு, அன்னைக்கே வூட்டுக்கு அனுப்பிடறேன்.”

மறுநாள் எட்டரைக்கு இருவரும் சத்தமில்லாமல் கதவைத் தள்ளினார்கள். பூங்கோதை தனியாக லேப்டாப் முன்னால் இருந்தாள்.

“பார்த்தீங்களா தம்பி!” என்று சக்கரபாணி போட்ட சத்தத்தில், அவள் பதறி எழுந்தாள்.

நாற்காலியும் கூடவே எழுந்தது.

அவளுடைய வலது கை, நாற்காலிக் கையோடு கைக்குட்டையால் இறுக்கிக் கட்டியிருந்தது.

“என்னம்மா இது?”

“அவுத்து வுட்டா அது பாட்டுக்கு ஓடி வந்துடுது சார். பன்னெண்டு வருஷப் பழக்கமாச்சே” என்றாள் பூங்கோதை, வெட்கப்பட்டுக்கொண்டு.

தமிழ்மணி குனிந்து செட்டிங்கைத் திறந்தான். இத்தனை நாளும் படிக்காமல் நீக்கிய அந்த நீளமான பெயரை அப்போதுதான் முழுசாகப் படித்தான். இடது கையால் மட்டும் அடிப்பவர்களுக்கான எழுத்து வரிசை.

“இது உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?”

“லேப்டாப்பு வாங்குனப்ப நீங்கதானே தம்பி இதெல்லாம் செட் பண்ணுனீங்க. அப்ப அந்த லிஸ்ட்டுல பார்த்தது. துர்கா வந்து உட்கார்ந்ததும் ஞாபகம் வந்துச்சு.”

சக்கரபாணியின் குரல் இறங்கியிருந்தது. “அடிச்சுப் பார்த்துட்டுப் பழையபடி வெச்சிருக்கலாமேம்மா?”

“வெக்கறதுக்குள்ள நீங்க வந்து, மெயிலு பார்க்கணும்னு தூக்கிட்டுப் போயிடறீங்களே சார்.”

தமிழ்மணி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். இரண்டு வரிசையையும் பட்டியலில் வைத்தான். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற, இரண்டு ஆல்ட் பட்டனையும் சேர்த்து அழுத்தும்படி வைப்பதுதான் அவன் வழக்கம். வைக்கப்போனவன் நிறுத்தினான். அதற்கு இரண்டு கை வேண்டும். யோசித்து, கேப்ஸ் லாக் பட்டனுக்கு மாற்றினான்.

“இனிமே இது ஒண்ணுதான் அக்கா. ஒரு தட்டு தட்டினா இடது கை வரிசை. இன்னொரு தட்டு தட்டினா பழசு. நான் வரவே வேணாம்.”

சக்கரபாணிக்கு மட்டும் ஒன்று விளங்கவில்லை. “நல்ல விஷயத்தை ஏம்மா திருட்டுத்தனமா பண்ணுன? மொத நாளே அந்தப் பொண்ணுகிட்ட சொல்லியிருந்தா, அதுவும் கூடவே பழகியிருக்குமே?”

பூங்கோதை பல்லால் கைக்குட்டையின் முடிச்சை இழுத்து அவிழ்த்தாள். சிவந்து போயிருந்த மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டாள்.

“ஒத்தக் கையில வேகம் வருமான்னு எனக்கே தெரியாது சார். இன்னைக்குத்தான் ஒரு பில்லு முழுசா, தப்பில்லாம வந்துச்சு. பெண்ணாடம் பஸ்ஸு வந்து துர்கா எறங்குனதும் மொத வேலையா சொல்லிடுவேன்.”

கைக்குட்டையை மடித்துக்கொண்டே சொன்னாள்.

“முன்னாடியே ஆசை காட்டிட்டு, அப்புறம் முடியாதுன்னு ஆயிட்டா, அந்தப் பொண்ணுக்கு ரெண்டாந் தரம் கை போன மாதிரி ஆயிடாதா சார்?”